இடப்பக்கப் பெடலும் வாசல் பலகையும்

வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் எங்கள் சைக்கிள் பட்டறையைப் பற்றி நான் எழுதியது அரைப் பக்கம். வந்த கடிதங்கள் ஒரு செருப்புப் பெட்டி நிறைய. அதைப் படிக்காதவர்களுக்காக மீண்டும் இரண்டு வரி: நாங்கள் பழுது பார்த்துக் கொடுக்கும் கடை நடத்தவில்லை. கருவிகள் பொதுவில் இருக்கும். சைக்கிளைக் கொண்டுவருபவர் தானே கழற்றி, தானே மாட்ட வேண்டும். தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள். வாரத்தில் ஐந்து மாலை எல்லோருக்கும் திறந்திருக்கும். செவ்வாய் மாலை மட்டும் பெண்களுக்கும், திருநங்கையருக்கும், பெண்ணாகப் பிறந்ததாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியருக்கும், பாலினத்திலோ காதலிலோ வழக்கமான வரையறைக்குள் அடங்காத பால்புதுமையினர் அனைவருக்கும். அந்தச் செவ்வாய்தான் இத்தனை கடிதங்களையும் கிளப்பிவிட்டிருக்கிறது. பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். ஆகவே எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: பின்சக்கரத்தைக் கழற்றக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு பொதுப் பட்டறைக்குப் போனேன். உதவிக்கு வந்தவர் "இங்கே கொடுங்கள்" என்று ஸ்பேனரை வாங்கி ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். மிகவும் நல்ல மனிதர். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வீடு வரும் வரை ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. நான் நன்றி கெட்டவளா அக்கா?

பதில்: இல்லை. நீங்கள் கேட்டது ஒன்று, அவர் கொடுத்தது வேறொன்று. சக்கரம் கழன்றது, உங்களுக்குக் கழற்றத் தெரிந்ததா?

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நானும் நம்புகிறேன். ஏனென்றால் அதே காரியத்தை நானே செய்திருக்கிறேன். பட்டறையில் எனக்கு இது பத்தொன்பதாவது வருடம். நாலைந்து வருடம் பழகியதும் கை தானாக ஓட ஆரம்பித்துவிடும். அப்படி இருந்த காலத்தில் ஒரு பெண், பிரேக் கம்பியை இழுத்துப் பிடித்தபடியே நட்டை முறுக்கத் திணறிக்கொண்டிருந்தாள். இரண்டு கையில் மூன்று வேலை. எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கினேன், முடித்தேன், கையைத் துடைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அதே பிரேக், அதே தளர்ச்சி. "நீங்களே செய்துவிடுங்கள் அக்கா" என்று ஸ்பேனரை நீட்டினாள். நீட்டிய அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. "இது உன்னால் ஆகிற வேலை இல்லை" என்பதை ஒரே வாரத்தில் எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

அன்றிலிருந்து எங்களிடம் ஒரு விதி. சொல்லித் தருபவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். செய்து காட்டியே ஆக வேண்டுமென்றால் கேட்டுவிட்டுக் காட்டலாம். ஆனால் காட்டி முடித்ததும், மாட்டியதை மறுபடி கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். மாட்டிய செயினைப் போய் யாராவது கழற்றுவார்களா என்று புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் கழற்றுகிறோம்.

அடுத்த முறை போகும்போது "நான் செய்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படியும் ஸ்பேனர் கைமாறிவிட்டால் திருப்பிக் கேளுங்கள். நல்ல மனிதர் என்கிறீர்களே, கொடுத்துவிடுவார். உங்களுடையது கியர் சைக்கிள் என்றால், கழற்றும் முன் செயினைப் பின்சக்கரத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

கேள்வி: நானும் சைக்கிள் பைத்தியம்தான். சமத்துவம் பேசும் நீங்களே ஒரு மாலையில் ஆண்களை வெளியே நிறுத்துவது முரண் இல்லையா? எல்லோரும் ஒன்றாகக் கற்றால்தானே மனம் மாறும்?

பதில்: ஐந்து மாலை உங்களுக்காகத் திறந்திருக்கிறது ஐயா. உங்கள் கண்ணில் பட்டது ஆறாவது மாலை.

பட்டறைக்கு வருமுன் நான் கணக்கெழுதும் வேலையில் இருந்தவள். அந்தப் பழக்கத்தில், பொது மாலைகளில் ஒரு மாதம் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருபவரிடம் எங்கள் ஆட்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆண் வந்தால் "என்ன கோளாறு?" பெண் வந்தால் "யாருடைய சைக்கிள்?" திருநங்கை வந்தால் கேள்வியே இல்லை, எல்லோருக்கும் திடீரென்று தலைபோகிற வேலை வந்துவிடும், குனிந்துகொள்வார்கள். கேட்டவர்களும் குனிந்தவர்களும் என் நண்பர்கள்தான். அந்த நோட்டை அவர்களிடம் படித்துக் காட்டியபோது ஒருவர்கூட நம்பவில்லை.

பேரிங் குண்டுகளை வரிசை தப்பாமல் மாட்டக் கற்கும்போது குறைந்தது மூன்று முறையாவது தரையில் கொட்டும். கொட்டியதைப் பொறுக்கும்போது, "நான் முதலிலேயே நினைத்தேன்" என்பதுபோல ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நான்காவது முறை மாட்டிப் பார்க்கத் தோன்றாது. செவ்வாயில் கொட்டுகிறது, எல்லோரும் மேசைக்கு அடியில் போய்த் தேடுகிறோம், அவ்வளவுதான். இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குடியிருப்பின் சமையலறையில் பிறந்ததால் 'பைசைக்கிள் கிச்சன்' என்றே பெயர் பெற்ற பட்டறை ஒன்று உண்டு. 2012-ல் 'லண்டன் பைக் கிச்சன்' தொடங்கியது. இரண்டிலும் இப்படி ஒரு மாலையைத் தனியாக ஒதுக்கினார்கள்.

மனம் மாறும் என்கிறீர்கள். மாறட்டும், நான் காத்திருக்கிறேன். ஆனால் தேய்ந்த செயின் காத்திருக்காது. செவ்வாயில் கற்றவர்களில் இருவர் இப்போது பொது மாலைகளில் சொல்லித் தருகிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர், அநேகமாக உங்கள் வயதுள்ள ஒருவருக்குச் சக்கரத்தில் கோட்டம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான்.

உதவ விரும்பினால் திங்கட்கிழமை வாருங்கள். கருவிகளை எல்லாம் துடைத்து, பலகையில் அதனதன் வடிவம் வரைந்திருக்கும் இடத்தில் மாட்டி வைக்க ஆள் தேவை. யாரும் பாராட்டாத வேலை. செவ்வாய் மாலை சரியாக நடப்பதற்கு அதில்தான் பாதி இருக்கிறது.

கேள்வி: இடது பெடலைக் கழற்ற இரண்டு நாளாகப் போராடுகிறேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் பார்த்துவிட்டேன். எனக்கு வலு போதவில்லையோ?

பதில்: வலு தேவைக்கு மேலேயே இருக்கிறது. இரண்டு நாளாக அதை வைத்து இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ். வலப்பக்கப் பெடல் மற்ற நட்டுகளைப் போல இடஞ்சுழியாகக் கழலும். இடப்பக்கப் பெடல் கடிகார முள் சுற்றும் திசையில் கழலும். மிதிக்க மிதிக்கத் தானே கழன்று விழாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. திசையை நினைவில் வைக்க வேண்டாம்: 15 எண் ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, கைப்பிடியைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பெடலும் அப்படித்தான் கழலும்.

ஒன்று கவனித்திருக்கிறேன். இதே சிக்கலோடு வரும் ஆண்கள் "பெடல் சரியில்லை" என்கிறார்கள். பெண்கள் "எனக்கு வலு போதவில்லை" என்கிறார்கள்.

கேள்வி: நான் திருநங்கை. 'பெண்களுக்கான மாலை' என்று எழுதியிருந்தால் உள்ளே போகலாமா என்று தயங்குவேன். என் குரல் கனமானது. வாய் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் செவ்வாய் மாலைக்கு வந்தால் வாசலில் என்னிடம் என்ன கேட்பீர்கள்?

பதில்: "காற்று மட்டுமா, வேறு வேலையும் இருக்கிறதா?" என்று கேட்போம். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படக் கூடியது இல்லை.

ஆரம்பத்தில் எங்கள் பலகையிலும் 'பெண்கள் மாலை' என்றுதான் இருந்தது. ஒரு நாள் தாடி வைத்த ஒருவர் வந்து நின்றார். "இன்று பெண்களுக்கு மட்டும், நாளை வாருங்கள்" என்றேன். சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். அவர் திருநம்பி. பொது மாலைகளில் சிலர் அவரை வேண்டுமென்றே பழைய பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். செவ்வாயில் அது நடக்காது என்று யாரோ சொல்லி வந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுபடி வரவேயில்லை. முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. பின்பிரேக் கம்பியின் நுனி பிரிந்து துடைப்பம்போல் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அன்று மழை வேறு.

பலகையை மாற்ற மூன்று வாரம் சண்டை போட்டோம். 'பெண்கள் மற்றும் பிறர்' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். அந்தப் 'பிறர்' என்ற வாசல் வழியாக யார் நுழைய விரும்புவார்கள்? கடைசியில் பெயர் சொல்லியே எழுதினோம்: பெண்கள், திருநங்கையர், திருநம்பியர், பால்புதுமையினர். இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. அதற்குக் கீழே, "இந்த மாலை தனக்கானது என்று வருபவரிடம் சான்று கேட்கமாட்டோம்" என்று ஒரு வரி. "அப்படியானால் யார் வேண்டுமானாலும் பொய் சொல்லி நுழையலாமே" என்றார்கள். நுழைந்து என்ன செய்துவிடுவார், பஞ்சர் ஒட்டுவார். யாராவது தவறாக நடந்துகொண்டால், அந்த நடத்தைக்காக வெளியே அனுப்புகிறோம். இதுவரை அப்படி அனுப்பப்பட்ட இரண்டு பேரும் பெண்கள்.

பதிவேட்டில் 'உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்' என்ற ஒரே கட்டம்தான். அடையாள அட்டை பார்ப்பதில்லை. கருவி வெளியே போனால் மட்டும் தொலைபேசி எண் வாங்குவோம். கழிப்பறை ஒன்றே ஒன்று. கதவில் ஆண், பெண் படம் கிடையாது, 'கழிப்பறை' என்ற சொல்லும், உள்ளே உறுதியான தாழ்ப்பாளும் உண்டு. கேட்காமல் புகைப்படம் எடுக்கக் கூடாது.

குரலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காற்றடிக்கும் இயந்திரம் ஓடும்போது எங்கள் பட்டறையில் கத்தினால்தான் காதில் விழும். கனமான குரல் கிடைத்தால் வரவேற்போம். ஆனால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று உறுதி தரமாட்டேன். புதிதாக வந்தவர் யாராவது பார்த்துவிடலாம். பார்த்தால் அவரிடம் பேசுவது எங்கள் வேலை. நீங்கள் உங்கள் செயினைப் பாருங்கள்.

கேள்வி: பெண்களுக்கென்று விற்கும் அகலமான பஞ்சு சீட் வாங்கலாமா? நெடுந்தூரம் போனால் மரத்துப்போகிறது.

பதில்: அவசரப்பட வேண்டாம். பஞ்சு அதிகமானால் எலும்பு அதில் அமிழ்ந்து, நடுப்பகுதி மேலெழுந்து அழுத்தும். மரத்துப்போவது கூடினாலும் கூடும். சீட்டின் அகலத்தைப் பாலினத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது, உட்காரும் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கணக்கு. நெளிவுள்ள அட்டைப்பெட்டித் துண்டைக் கெட்டியான பலகையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழும்; அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பாருங்கள். அந்த அளவைவிடச் சற்று அகலமான சீட் போதும். அதற்கும் முன்னால் இப்போதைய சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடுகிறது.

கேள்வி: பெண்களும் சைக்கிளும் பற்றிக் கல்லூரியில் கட்டுரை எழுதுகிறேன். எங்கே தேடினாலும் ஒரே மேற்கோள். வேறு ஏதாவது சொல்ல முடியுமா?

பதில்: அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. ஆன்டனி 1896-ல் சொன்னதுதானே, பெண் விடுதலைக்குச் சைக்கிளைப் போல உலகில் வேறெதுவும் உதவவில்லை என்று? நல்ல வாக்கியம்தான். எங்கள் சுவரிலும் யாரோ ஒட்டினார்கள். அதன்மேல் கிரீஸ் பட்டு இப்போது பாதிதான் தெரிகிறது.

நீங்கள் அதே 1896-ல் வேறொரு பக்கம் பாருங்கள். மரியா வார்ட் என்பவர் பெண்களுக்காக ஒரு சைக்கிள் புத்தகம் எழுதினார். அதில் கருவிகளைப் பற்றியே தனி அத்தியாயம் உண்டு. ஊசியும் கத்தரிக்கோலும் பிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு மற்றக் கருவிகளும் கைவரும் என்பது அவர் வாதம். அந்தப் புத்தகத்தின் படங்கள், ஆலிஸ் ஆஸ்டின் எடுத்த புகைப்படங்களிலிருந்து வரையப்பட்டவை. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வாழ்ந்த ஆஸ்டின், 1890-களின் இறுதியில் கெர்ட்ரூட் டேட் என்ற பெண்ணைச் சந்தித்தார். அரை நூற்றாண்டு இருவரும் இணையாக இருந்தார்கள். ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்ற அவர்கள் விருப்பத்தைக் குடும்பத்தார் நிறைவேற்றவில்லை. பால்புதுமையினர் சைக்கிளுக்குள் நேற்று வந்தவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வரும்.

பாஸ்டனைச் சேர்ந்த கிட்டி நாக்ஸ் என்ற தையற்காரப் பெண்ணையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் பெரிய சைக்கிள் சங்கம் 1894-ல் உறுப்பினர் தகுதியை வெள்ளையருக்கு மட்டும் என்று மாற்றியது. கறுப்பினப் பெண்ணான நாக்ஸ் அதற்கு முன்பே உறுப்பினர். 1895-ல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தன் உறுப்பினர் அட்டையோடு போய் நின்றார். நீளப் பாவாடையில் அல்ல, தானே தைத்த காற்சட்டையில் சைக்கிள் ஓட்டியவர் அவர். அந்த விதியைச் சங்கம் முறையாகக் கைவிட்டது 1999-ல். வாசலில் அட்டை கேட்பதைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

சைக்கிள் சட்டகத்தின் வடிவமும் ஒரு நல்ல தலைப்பு. 'லேடீஸ் சைக்கிள்' என்று தாழ்ந்த கம்பியோடு வருவது பெண்ணின் உடலுக்காக வந்த அமைப்பு இல்லை, நீளப் பாவாடைக்காக வந்தது. 1894-ல் உலகம் சுற்றக் கிளம்பிய ஆனி லண்டன்டெரி, சுமார் 19 கிலோ எடையுள்ள அப்படிப்பட்ட சைக்கிளில்தான் புறப்பட்டார். சிகாகோவில் அதை விட்டுவிட்டு, ஏறத்தாழ பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார், உடையையும் மாற்றினார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே பலர் விரும்பவும் செய்தார்கள். ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். உங்கள் வகுப்பில் வேறு யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. சைக்கிளே ஓட்டத் தெரியாது. பட்டறைக்கு வந்து என்ன செய்வது?

பதில்: எனக்கும் 52-தான். ஸ்பேனர் பிடிக்க ஆரம்பித்தது 33-ல்.

ஓட்டக் கற்பது பட்டறையில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் முதல் வேலை பெடல் இரண்டையும் கழற்றுவது. (இடது பெடல் எப்படிக் கழலும் என்று மேலே பாருங்கள்.) சீட்டை இறக்கி, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் முழுமையாகத் தரையில் படும்படி வையுங்கள். முதலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, பிரேக் பிடித்து நிறுத்தப் பழகுங்கள். நிறுத்தத் தெரிந்தவருக்குத்தான் போகத் துணிவு வரும். பிறகு உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திப் போங்கள். மெதுவாகக் காலைத் தூக்கிப் பாருங்கள். ஒரு கணம், இரண்டு கணம். முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுவீர்கள். நிமிர்ந்து தூரத்தைப் பாருங்கள். சில மீட்டர் காலை ஊன்றாமல் போக முடிந்த அன்று பெடலை மாட்டிவிடலாம். யாரும் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வர வேண்டாம். பிடிப்பவர் கையில்தான் சமநிலை இருக்கும், உங்களிடம் வராது. இது ஸ்பேனர் கதைதான்.

வயது வந்தவர்களுக்குக் கற்கத் தேவை சரிவில்லாத, வேடிக்கை பார்க்க ஆளில்லாத ஒரு துண்டு இடம். எங்கள் பின்முற்றம் அப்படித்தான். பெர்லினில் அகதிப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத்தர 2015-ல் தொடங்கிய 'பைக்கிஜீஸ்' என்ற அமைப்பு, ஓட்டுவதோடு பழுது பார்க்கவும் சேர்த்தே சொல்லித் தருகிறது. சரியான முறை. பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பாதிப் பேர் தெருமுனையைத் தாண்டுவதில்லை.

கேள்வி: திருநங்கையர் பெண்கள் பந்தயத்தில் கலந்துகொள்வதற்கு உலக அமைப்பே கட்டுப்பாடு விதித்துவிட்டது. நீங்கள் மட்டும் எப்படிச் சேர்க்கலாம்?

பதில்: சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2023 ஜூலையில் கொண்டுவந்த விதியைச் சொல்கிறீர்கள். ஆண் பருவமடைதலைக் கடந்த பின் மாறியவர்கள், அதன் போட்டிகளில் பெண்கள் பிரிவில் பங்கேற்க முடியாது என்கிறது அது. அதைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, இந்தப் பக்கம் போதாது. ஆனால் எங்கள் பட்டறையில் பஞ்சர் ஒட்டுவதற்குப் பதக்கம் கிடையாது. 1984 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மலையேற்றத்துக்கான புள்ளிச் சட்டையை வென்ற பிலிப்பா யார்க், தான் திருநங்கை என்பதை 2017-ல் வெளிப்படையாக அறிவித்தார். அவரே வந்தாலும் எங்கள் காற்றுப் பம்புக்கு வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரு பம்புதான் வேலை செய்கிறது.

கேள்வி: எங்கள் பட்டறையிலும் இப்படி ஒரு மாலை தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. வாசலில் பால்புதுமையினரின் வானவில் கொடியைப் பெரிதாகக் கட்டினோம், சுவரொட்டி ஒட்டினோம். வருவது நான்கு பேர், நால்வரும் எங்கள் நண்பர்கள். எங்கே தவறு?

பதில்: ஆறு வாரம் ஒன்றுமே இல்லை. எங்களுக்கு முதல் நான்கு மாதம் மூன்று பேர்தான் வந்தார்கள், அதில் நானும் ஒருத்தி.

கொடியை உள்ளே கொண்டுபோங்கள். தெருவிலிருந்து தெரியும் கொடி தெருவில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இன்னும் சொல்லாத ஒருவர் அதற்குக் கீழே குனிந்து நுழைவதைத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? எங்களுடையது கருவிப் பலகையின் ஓரத்தில், அஞ்சலட்டை அளவில் இருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுகிறார்கள். பார்த்ததும் தோள் தளர்வதை நான் கவனித்திருக்கிறேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். சாவி யாரிடம் இருக்கிறது? அந்த மாலையை நடத்துபவர் ஒவ்வொரு வாரமும் இன்னொருவரிடம் போய்ச் சாவி வாங்கி, பத்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறதா? எங்களுக்கு முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. உதிரி பாகம் வாங்கும் பணப்பெட்டியும் அவரிடம், எந்தக் கருவி வாங்குவது என்ற முடிவும் அவரிடம். விருந்தாளியாக வந்த வீட்டில் யார் தைரியமாக அலமாரியைத் திறப்பார்கள்? சாவிக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்ட பிறகுதான் செவ்வாய்க்குச் சூடு பிடித்தது.

"கற்றுக்கொள்ள வாருங்கள்" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். எதை என்று தெரியாதே. "இந்த வாரம் பஞ்சர்", "அடுத்த வாரம் பிரேக் கட்டை" என்று எழுதுங்கள். ரப்பர் சொல்யூஷனைத் தடவிவிட்டு, அது காய்ந்து பிசுபிசுக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு ஒட்டினாலே ஒருவருக்கு ஒரு வெற்றி கிடைத்துவிடும். அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பில்தான் எல்லோரும் பேசிப் பழகுகிறார்கள். நேரத்தையும் பாருங்கள். நாங்கள் ஏழு மணியை ஐந்தரைக்கு மாற்றியதும் பிள்ளைகளோடு சிலர் வந்தார்கள். பழைய டியூப்களை வெட்டி வளையம் செய்ய ஒரு மூலை ஒதுக்கினோம், சத்தம் கூடியது, கூட்டமும் கூடியது. வாசல் சந்தில் விளக்கு எரிகிறதா, சைக்கிளைத் தூக்கி மாட்டும் தாங்கி குட்டையான ஒருவருக்கு எட்டுகிறதா, சிறிய கையுறை இருக்கிறதா, வேலையிலிருந்து நேராக வருபவரின் உடை கறைபடாமல் மேலே போட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, இவையெல்லாம் கொடியைவிட உரக்கப் பேசும்.

மூடும் நேரத்தில் ஒவ்வொருவராக இருட்டில் அனுப்பாதீர்கள். ஒரே திசையில் போகிறவர்கள் சேர்ந்து போகட்டும். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் 2010-ல் உருவான 'ஓவேரியன் சைக்கோஸ்' குழுவினர் பௌர்ணமி இரவுகளில் கூட்டமாகச் சைக்கிளில் கிளம்புவார்கள். தனியாகப் போகத் தயங்கும் தெருவில் பத்து விளக்குகள் சேர்ந்து போகும்போது எப்படி இருக்கும் என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். அந்த நான்கு நண்பர்களே போதும் தொடங்குவதற்கு.

கேள்வி: வணக்கம். எனக்கு 61 வயது. என்னோடு 24 வருடம் வாழ்ந்தவள் போன ஆண்டு காலமானாள். மற்றவர்களுக்கு நாங்கள் தோழிகள். அவள் சைக்கிள் வராந்தாவில் நிற்கிறது. ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அவள் என்னைவிட நல்ல உயரம். சீட் எனக்கு எட்டவில்லை. அதை இறக்க மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: வேறு வழி இல்லை அம்மா. எட்டாத சீட்டில் ஏறினால் நிறுத்தும்போது விழுவீர்கள், இந்த வயதில் இடுப்பு முறிந்தால் எளிதில் சேராது.

ஆனால் இறக்கும் முன் அளந்து வைத்துக்கொள்ளலாம். பெடல் கரங்கள் சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து, சீட் தண்டை ஒட்டியே மேலே போய், சீட்டின் மேற்பரப்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். சீட்டின் மூக்கு சாய்ந்திருக்கிறதா, எந்தப் பக்கம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். அவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீட்டுக்கு அடியிலேயே கட்டிவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் அதே உயரத்துக்கு, அதே சாய்வுக்கு ஏற்றிவிட முடியும். தண்டில் ஒட்டுநாடா சுற்றி அடையாளம் வைக்காதீர்கள். இறக்கும்போது அது குழாய்க்குள் போகாது. ஒரு வருடம் அசையாமல் நின்றதால் தண்டு இறுகியிருக்கலாம். சுத்தியல் வேண்டாம். துரு இளக்கும் எண்ணெயை இணைப்பில் விட்டு ஓர் இரவு வைத்திருந்து, சீட்டை இரு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பினால் மெல்ல இளகிக் கொடுக்கும்.

தனியாகச் செய்ய வேண்டாம் என்று தோன்றினால் செவ்வாய்க்கிழமை உருட்டிக்கொண்டு வாருங்கள். யாருடைய சைக்கிள் என்று எங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களாகச் சொல்ல விரும்பினால் பதிவேட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதலாம், இடம் இருக்கிறது. அளவு நாடா என் மேசை இழுப்பறையில், இடப்பக்கம்.